நினைவு திரும்பக் கூடாத சிறுவன்

நினைவிழந்தோரைப் பற்றிய கதைகளை நாம் எப்போதும் சற்று ஐயத்துடனேயே அணுகி வந்திருக்கிறோம். துருவாசரின் சாபத்தால் சகுந்தலையை மறந்த துஷ்யந்தனுக்கு ஒரு கணையாழி போதுமானதாக இருந்தது. நம் திரைப்படங்களில் தலையில் விழும் முதல் அடி நினைவைப் பறிக்கும். இரண்டாவது அடி திருப்பித் தரும். நினைவு திரும்புவது நன்மை, திரும்பிவிட்டால் கதை முடிந்தது என்பதே இவ்வகைக் கதைகளின் எழுதப்படாத இலக்கணம். 'மூன்றாம் பிறை' (1982) ஒன்றுதான், நாம் அறிந்தவரை, நினைவு திரும்பும் கணத்தைத் துயரத்தின் கணமாகக் காட்டியது. அங்கும் துயரம் மறக்கப்பட்டவனுக்கே; நினைவு மீண்ட பெண்ணுக்கு அது நலமே.

இந்த இலக்கணத்தை அடியோடு புரட்டிய புதினம் ஒன்று 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ராபர்ட் கார்மியர் எழுதிய 'ஐ ஆம் தி சீஸ்' என்பது அதன் பெயர். 'நானே பாலாடைக்கட்டி' என்று மொழிபெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். நூலகங்களில் பதின்ம வயதினருக்கான அடுக்கில் இருக்கும் நூல். பக்கங்களும் அதிகமில்லை. நாம் அதை ஒரே இரவில் படித்து முடித்தோம். மறுநாள் மாலையே மீண்டும் முதலிலிருந்து படிக்க நேர்ந்தது. இரண்டாம் முறை நாம் படித்தது வேறொரு நூல் என்றே சொல்ல வேண்டும்.

மர்மக் கதையின் முடிவை வெளியிடுவது பண்பன்று என்பதை அறிவோம். ஆயினும் முடிவைத் தொடாமல் நாம் சொல்ல வந்ததைச் சொல்ல இயலாது. நூலைப் படிக்க எண்ணியிருப்போர் படித்துவிட்டு இங்கு வருவார்களாயின் நன்று.

*

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மான்யுமெண்ட் என்றோர் ஊர். கார்மியர் பிறந்து வாழ்ந்த லெமின்ஸ்டர் என்னும் சிற்றூரின் புனைபெயரே அது. அங்கிருந்து ஆடம் ஃபார்மர் என்ற சிறுவன் தன் பழைய மிதிவண்டியில் வெர்மாண்ட் மாநிலத்து ரட்டர்பர்க் நோக்கிப் புறப்படுகிறான். அங்கே மருத்துவமனையில் இருக்கும் தந்தைக்கு ஒரு பொதியைக் கொண்டுபோகிறான். அக்டோபர் மாதக் குளிர். அவன் அணிந்திருப்பது தந்தையின் பழைய இராணுவ மேற்சட்டை. உண்ண வேண்டிய மாத்திரைகளை அவன் உண்ணவில்லை. நாய்களைக் கண்டால் அச்சம். வழியில் பொதுத் தொலைபேசியைக் கண்ட இடமெல்லாம் எமி ஹெர்ட்ஸ் என்ற தோழியை அழைக்க முயல்கிறான். இந்தப் பயணம் முழுவதும் நிகழ்காலத்தில், தன்மையில் சொல்லப்படுகிறது.

பயண அத்தியாயங்களுக்கு நடுவே ஒலிநாடாப் பதிவுகளின் எழுத்துவடிவம் வருகிறது. பிரிண்ட் என்பவர் கேள்வி கேட்கிறார். சிறுவன் விடை சொல்கிறான். பிரிண்ட் மருத்துவரா, வேறு யாரோவா என்பது சிறுவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. சிறுவனின் நினைவில் பெரும் பள்ளங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் ஒரு பள்ளம் தூர்கிறது. அவன் மீட்டெடுக்கும் பழைய நாட்கள் மூன்றாவது சரடாக, படர்க்கையில் விரிகின்றன.

அந்தப் பழைய நாட்கள்தாம் துப்பறியும் பகுதி. எமியின் தந்தை உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர். ஆடம் பிறந்ததாகச் சொல்லப்படும் ஊரிலிருந்து வந்த வேறொரு பத்திரிகையாளர், அவ்வூரில் ஃபார்மர் என்றொரு குடும்பம் இருந்ததாகத் தமக்கு நினைவில்லை என்கிறார். போகிற போக்கில் விழும் சொல். ஆனால் சிறுவனின் மனத்தில் அது முள்ளாகத் தைக்கிறது. தந்தையின் மேசையைத் திறக்கிறான். தன் பெயரில் இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள். இரண்டிலும் வெவ்வேறு பிறந்த நாட்கள். வாரத்திற்கொரு முறை தாய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ தொலைபேசியில் பேசுகிறாள். அவனுக்கு உறவென்று எவருமே இல்லை என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மறுமுனையிலோ கன்னியர் மடமொன்றில் வாழும் அத்தை. பிறகு தந்தையே உண்மையைச் சொல்கிறார். ஆடத்தின் பெயர் ஆடம் அன்று, பால் டெல்மாண்ட். தந்தை ஒரு பத்திரிகைச் செய்தியாளர். குற்றக் கூட்டத்தாருக்கும் அரசினருக்கும் இருந்த உறவைக் கண்டறிந்து சாட்சி சொன்னவர். அதனால் உயிருக்கு ஆபத்து வரவே, அரசே புதிய பெயரும் ஊரும் பிழைப்பும் கொடுத்து அவர்களை மறைத்து வைத்திருக்கிறது. மாதந்தோறும் வந்து போகும் கிரே என்ற மனிதர் அந்த ஏற்பாட்டின் காவலர்.

இத்தகைய சாட்சிப் பாதுகாப்பு அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே முறையான திட்டமாயிற்று. 1974 ஆகஸ்டில் வாட்டர்கேட் ஊழலால் குடியரசுத் தலைவர் நிக்சன் பதவி விலகினார். மூன்றாண்டுகளில் இந்நூல். கார்மியரும் பல்லாண்டுகள் செய்தித்தாளில் பணியாற்றியவர். இவற்றை நினைவிற்கொண்டால், காப்பவனே காட்டிக்கொடுப்பவனாகவும் இருக்கலாம் என்ற ஐயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நாம் தேட வேண்டியதில்லை.

முடிவு இதுதான். கிரேயின் சொற்படி ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பத்தின் மீது வழியில் ஒரு மகிழுந்து மோதுகிறது. தாய் அங்கேயே இறக்கிறாள். தந்தை தப்பியோடுகிறார்; அவரும் கொல்லப்படுகிறார். சிறுவனை உயிரோடு எடுத்துச் செல்கிறார்கள். மிதிவண்டிப் பயணமோ நிகழவே இல்லை. அவன் சுற்றிச் சுற்றி ஓட்டியது தன்னை அடைத்து வைத்திருக்கும் மருத்துவ வளாகத்தினுள்ளேயே. வழியில் கண்ட முகங்கள் அந்த வளாகத்தின் முகங்கள். பொதிக்குள் இருப்பது அவன் குழந்தையாக இருந்தபோது வைத்திருந்த பன்றிப் பொம்மை. எமியின் எண்ணில் பேசிய ஆடவர் தாம் அந்த எண்ணை மூன்றாண்டுகளாக வைத்திருப்பதாகச் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது. மூன்றாண்டுகள் கழிந்துவிட்டன. ஆண்டுக்கொருமுறை அவனை விசாரிக்கிறார்கள். ஆண்டுதோறும் அவன் அதே இடம்வரை வருகிறான். பெற்றோரின் மரணத்தை நினைவுகூர்கிறான். உடனே மீண்டும் எல்லாவற்றையும் மறக்கிறான். புதினம் தொடங்கிய இடத்திலேயே, மிதிவண்டியின் மீது, முடிகிறது.

*

இங்கேதான் நம் கருத்தைச் சொல்ல வேண்டும். இந்நூலின் திறம் இறுதித் திருப்பத்தில் இருப்பதாகவே பலரும் பேசுகிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. திருப்பம் வெறும் கதவு. கதவைத் திறந்ததும் நாம் காண்பது, இத்தனை பக்கங்களாக நாம் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்பதைத்தான்.

முதல் ஒலிநாடாவிலிருந்தே நாம் விரும்பியது ஒன்றுதான்: சிறுவனுக்கு நினைவு வர வேண்டும். அவன் தயங்கினால் நமக்குப் பொறுமை போகிறது. எமியைப் பற்றி அவன் இரண்டு பக்கம் பேசினால், விசயத்திற்கு வா தம்பி என்று மனம் சொல்கிறது. பிரிண்டும் அதையே சொல்கிறார். அவர் அறிய விரும்புவது தந்தை கண்டறிந்ததில் எவ்வளவு மகனுக்குத் தெரியும், அதை எமியிடம் சொன்னானா என்பது. முழுதும் தெரியும் என்று சிறுவன் ஒருநாள் சொல்லிவிட்டால் அவன் கதை முடிந்துவிடும். தெரியாது என்று முடிவுசெய்யும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். அதாவது, மறதிதான் அவனுடைய அரண். நாம் நூல் முழுவதும் அந்த அரண் இடிய வேண்டும் என்று விரும்பிக்கொண்டிருந்திருக்கிறோம். வாசகனின் ஆவலும் விசாரிப்பவனின் ஆவலும் ஒன்றாகிவிடுகிற வேறொரு மர்மக் கதையை நாம் படித்ததில்லை.

மருத்துவ நோக்கிலும் கார்மியர் திரைப்படக்காரர்களைவிட நேர்மையானவர். மூளையில் காயமுற்றோர் பெரும்பாலும் புதியனவற்றை மனத்தில் இருத்திக்கொள்ள இயலாமல் துன்புறுவர். தம் பெயரையும் பிறப்பையும் மட்டும் மறந்து மற்றபடி நன்றாக இருப்பது அரிது. தன் பெயரே தெரியாது என்னும் நிலை நேர்ந்தால் அதன் பின்னே பெரும்பாலும் தாங்கவொண்ணாத அதிர்ச்சி ஒன்று இருக்கும். ஆடத்தின் மறதி அத்தகையது. அதிர்ச்சியோடு மாத்திரைகளும் சேர்ந்துகொள்கின்றன. அது எங்கே உடலின் தற்காப்பு, எங்கே மருந்தின் வேலை என்று பிரித்தறிய நூல் இடம் தரவில்லை, தராதது நன்றே.

நூலின் இறுதியில் ஓர் அலுவலக அறிக்கை வருகிறது. தமிழாசிரியர்கள் என்ற முறையில் நாம் அதை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்த விரும்புவோம். சிறுவனுக்கு அதில் பெயரில்லை, ஓர் எழுத்துத்தான். தந்தைக்கு எண். கிரேக்கும் எண், அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட வேண்டுமென்று பரிந்துரை. சிறுவனைக் கொல்ல இப்போதைய விதிமுறை இடந்தரவில்லை, ஆகவே விதிமுறையைத் திருத்தலாம். திருத்தும்வரை அடைத்து வைக்கலாம். அல்லது அவன் தானாகவே இல்லாமற்போகும்வரை இப்படியே வைத்திருக்கலாம். இவ்வளவும் கொலை என்ற சொல் ஓரிடத்திலும் வராமல் சொல்லப்பட்டிருக்கிறது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். இறந்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. இந்த அறிக்கையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு கூட்டம் தமக்குள் மட்டும் புரிந்துகொள்ளும் சொற்களால் ஒரு சிறுவனின் சாவை மங்கலமாகச் சொல்கிறது. பவணந்தியார் இதற்குத் தனிப்பெயர் வைக்கவில்லை.

தலைப்பிற்கும் விளக்கம் தேவை. அங்கே சிறு குழந்தைகள் வட்டமாக நின்று பாடியாடும் விளையாட்டு ஒன்றுண்டு. நடுவில் நிற்கும் உழவன் மனைவியைத் தேர்வான், அவள் குழந்தையை, அது செவிலியை, இப்படியே நாய், பூனை, எலி என்று போய், கடைசியில் பாலாடைக்கட்டியாகும் குழந்தை மட்டும் வட்டத்தின் நடுவே தனியே நிற்கும். ஃபார்மர் என்ற பொய்ப்பெயருக்குப் பொருத்தமாகத் தந்தை பாடிவந்த பாட்டு அது. எலிப்பொறியில் வைக்கப்படுவதும் அதே பாலாடைக்கட்டிதான் என்பதை நூல் சொல்லவில்லை.

*

குறைகள் இல்லாமலில்லை. தந்தை கண்டறிந்த இரகசியம் கடைசிவரை பனிமூட்டமாகவே இருக்கிறது. அதற்காக ஒரு குடும்பத்தையே அழித்தார்கள் என்று நம்ப நாம் சற்றுச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. தாய் சில பக்கங்களிலேயே உயிர்பெற்று நிற்க, தந்தை நெடுநேரம் பேசியும் முழுமையாகத் துலங்கவில்லை. அங்காடியில் தள்ளுவண்டியை நிறைய நிரப்பி அப்படியே விட்டுவிட்டு ஓடும் எமியின் குறும்புகள் மிகையென்று சிலர் கூறுவர். அதை நாம் ஏற்கவில்லை. அச்சிறுவன் சிரிப்பது அங்கே மட்டுந்தான்.

நண்பர் ஒருவர், நம்மைவிட அதிகம் படித்தவர், இந்த முடிவு வெறும் ஏமாற்று என்று சாதிக்கிறார். எல்லாம் கனவு என்று சொல்லி முடிக்கும் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பது அவர் கேள்வி. கனவென்று முடியும் கதையில் நடந்தவை நடவாதவை ஆகிவிடுகின்றன. நாம் வீணே கவலைப்பட்டோம் என்று எழுந்து போகலாம். இங்கே பயணம் பொய்யானதும் தாய்தந்தையர் சாவு மெய்யாகிறது. கவலை அப்போதுதான் தொடங்குகிறது. நண்பர் இன்னும் உடன்படவில்லை.

நாம் பணியாற்றும் கல்லூரியில் வகுப்பு முடிந்த மாலைகளில் ஏழெட்டு முதுகலை மாணவர்களுக்கு இக்கதையை அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொன்னோம். ஆங்கிலத்தில் படிக்கத் தயங்குபவர்கள், கேட்பதில் தயக்கமில்லாதவர்கள். ஐந்தாம் மாலையிலேயே, முடிவு வருவதற்கு வெகுமுன்னர், ஒரு மாணவி சொன்னார்: "ஐயா, அவனுக்கு ஞாபகம் வராமல் இருப்பதே நல்லது. எங்கள் வீட்டில் யார் விசாரிக்க வந்தாலும் தெரியாது என்று சொல்லத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்." நாம் இரண்டாம் வாசிப்பில் கண்டதை அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண்டுவிட்டார். அவர் தம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு கல்லூரியில், விடுதித் தகராறு ஒன்றை விசாரிக்க அமைந்த குழுவில் நாமும் இருந்தோம். முதலாண்டு மாணவன் ஒருவன் வாய் திறக்கவில்லை. எல்லாரிலும் கனிவாகப் பேசுபவர் என்று நம்மிடம் அவனை ஒப்படைத்தார்கள். தேநீர் வரவழைத்துக் கொடுத்து, "நடந்ததை மட்டும் சொல்லப்பா, உனக்கு ஒன்றும் வராது" என்றோம். சொன்னான். சொன்னதை எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். அடுத்த வாரம் அவன் பெயரும் நீக்கப்பட்டோர் பட்டியலில் இருந்தது. நாம் சொன்ன வாக்கை நினைவூட்டிக் குழுவில் ஒருமுறை பேசினோம்; இரண்டாம் முறை பேசவில்லை. பிரிண்ட் கேள்வி கேட்கும் பக்கங்கள் நமக்கு ஏன் அவ்வளவு பழக்கமானவையாகத் தோன்றின என்பது அந்த மாணவி பேசிய பிறகே விளங்கிற்று.

*

இந்நூலைப் பள்ளியிலிருந்து விலக்கிய வரலாறும் உண்டு. 1986-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் பே மாவட்டத்தில், கெட்ட சொற்கள் இருக்கின்றன, மனத்தைச் சோர்வுறச் செய்கிறது என்று எழுந்த முறையீட்டையொட்டிக் கல்விக் கண்காணிப்பாளர் இதை ஒரு பள்ளியின் வகுப்புகளிலிருந்து நிறுத்தினார். ஆசிரியர்கள் எதிர்த்தனர். 1987-இல் பாடநூல்களை மூவகையாகத் தரம்பிரிக்கும் புதிய ஏற்பாடு வந்தது. அதன் விளைவாக ஓர் உயர்நிலைப் பள்ளியில் 64 நூல்கள் விலக்கப்பட்டன; ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் சோபக்ளீசின் ஈடிபஸும் அவற்றுள் அடக்கம். பெற்றோரும் மாணவரும் ஆசிரியரும் நீதிமன்றம் சென்றனர். ஒரு சிறுவனின் நினைவை அதிகாரிகள் அழிக்கும் கதையை, அதிகாரி ஒருவரே வகுப்பறையின் நினைவிலிருந்து அழிக்க முயன்றார் என்று எழுத நமக்கும் கை துடிக்கிறது. ஆனால் அந்தப் பெற்றோரின் அச்சத்தை முற்றாக ஏளனம் செய்ய நாம் அணியமாக இல்லை. நூல் சோர்வுறச் செய்யத்தான் செய்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம், உன்னிடம் கனிவாகக் கேட்பவர் உன் நலம் நாடுபவராக இருக்க வேண்டியதில்லை என்று சொல்வது எளிதன்று. நம் பிள்ளையிடம் நாம் அதை இன்னும் சொல்லவில்லை. யார் சொல்வது, எப்போது சொல்வது என்ற வினா இருக்கிறது. நூலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டால் வினாவும் போய்விடும் என்று எண்ணியதுதான் பிழை.

கார்மியர் பிள்ளைகளை எவ்வாறு கருதினார் என்பதற்கு ஒரு செய்தியுண்டு. எமி ஹெர்ட்ஸின் எண்ணாக நூலில் அச்சாகியிருப்பது கார்மியரின் சொந்த வீட்டுத் தொலைபேசி எண். படித்த பிள்ளைகள் அந்த எண்ணைச் சுழற்றினார்கள். ஒருவர் இருவரல்லர், ஆண்டுக்கணக்காக. எமி இருக்கிறாளா என்று கேட்டவர்களிடம் அவ்வீட்டார் முகங்கோணாமல் பேசினார்கள்.

கதை முடிந்த மாலை, மாணவர் ஒருவர் அந்த எண்ணை இப்போது அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று கேட்டார். கார்மியர் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் காலமாகிவிட்டார் என்று சொன்னோம். "எமி?" என்றார் அந்த மாணவி.